தேக்கங்கட்டிலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா?

அப்பத்தா கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியபோது வந்த பர்மாத் தேக்குக் கட்டில் கறுத்துக் கிடக்கிறது. வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறாள் மகள். சரியா? (தேவகோட்டை)

வேண்டாம் ஆச்சி. கறுத்திருப்பது பெரும்பாலும் மரமாக இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும், மேலே மேலே ஏற்றிய பாலிஷும்தான். தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். இரண்டு சொட்டு சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடையுங்கள். காய்ந்த பிறகு டர்பன்டைன் தொட்ட பஞ்சால் தேயுங்கள். முதல் பஞ்சு டிக்காஷன் நிறத்தில் வரும். பஞ்சு மாற்ற மாற்ற நிறம் வெளுக்கும். கீழே தேன் நிறத்தில் ரேகை ஓடுவது தெரியும். அதைப் பார்த்த பிறகும் மகள் வெள்ளை கேட்பாளா என்று பாருங்கள்.

அடுத்து, கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். உரிக்கத் தேவையில்லை. சுத்தம் செய்துவிட்டுப் புது அரக்கு பாலிஷை ஏற்றினால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். பெயின்ட் அப்படி இல்லை. கடைசல் காலின் வளையங்களிலும் பூவேலை இடுக்குகளிலும் தங்கி, செதுக்கலின் கூர்மையை மழுக்கிவிடும். பின்னால் எடுக்க நினைத்தால் ஊசி முனையால் நோண்ட வேண்டிவரும், மரமும் கீறும். மகளுக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்றால் பக்கத்து ஸ்டூலையோ பிளைவுட் அலமாரியையோ கொடுங்கள். சன்மைக்கா ஒட்டியதாக இருந்தால் பளபளப்புப் போகும்வரை 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, வழவழப்பான பரப்பில் பிடிக்கிற பிரைமர் அடித்த பிறகே பெயின்ட்.

எங்கள் தேக்குக் கண்ணாடி மேசைக்கு முன்பே யாரோ பச்சை அடித்திருந்தார்கள். சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தோம். மஞ்சள் மஞ்சளாகக் கறை எழும்புகிறது. (கானாடுகாத்தான்)

தேக்கில் உள்ள எண்ணெயும் துவர்ப்புச் சத்தும் பெயின்டில் ஊறி மேலே வருகின்றன. இன்னும் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் பிரைமர், பிறகு வெள்ளை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பச்சையை உலரத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். முகக்கவசம் போடுங்கள், தூளை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே வரக்கூடாது.

இரும்பு பீரோவின் அடிப்பக்கம் துரு. (பள்ளத்தூர்)

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டித் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டாலும் திரும்பத் துரு பூக்கும். மேலே எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். நன்றாகக் காயும்வரை கதவைச் சாத்தாதீர்கள், ஓரம் ஒட்டிக்கொள்ளும்.

கட்டில் சட்டத்தில் பொடிப்பொடி ஓட்டைகள். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதுமா? (காரைக்குடி)

போதாது. உள்ளே புழு இருந்தால் பெயின்டையும் துளைத்துக்கொண்டு வண்டு வெளியே வரும். கட்டிலடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுக் கறுப்புத் தாள் விரியுங்கள். மாவு போல் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஓட்டை ஓட்டையாக ஏற்றி, பாலிதீன் சுற்றி வையுங்கள். சில வாரம் தூள் விழவில்லை என்றால் பட்டி பார்க்கலாம்.

எந்த மாதத்தில் அடிப்பது? வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வைத்து அடிக்கலாமா? (ஆத்தங்குடி)

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஈரக்காற்றில் அரக்கு பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். தை, மாசி நல்லது. வளவில் தாராளமாக அடிக்கலாம், ஆனால் நேர் வெயிலில் வேண்டாம். மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்பளிக்கும். தரையில் பதித்த உங்கள் ஊர்க் கல் சிமென்ட் கல், சிந்தியதை உறிஞ்சிக்கொள்ளும். பேப்பர் மட்டும் விரித்தால் டர்பன்டைன் ஊறி இறங்கிவிடும். தார்ப்பாய் விரித்து, மேலே பழைய வேட்டி போடுங்கள். எனாமல் தொட்டால் ஒட்டாத பக்குவம் மறுநாளே வந்துவிடும், ஆனாலும் ஒரு வாரம் கழித்தே மெத்தையை ஏற்றுங்கள்.