முன்னுரையில் நின்றுவிட்ட நாவல்

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். பாடத்தில் ஹாதார்ன் எழுதிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ இருக்கிறது. இரண்டு முறை தொடங்கினேன். நீண்ட முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. மூலத்தை விட்டுவிட்டு நோட்ஸ் வாங்கிப் படித்தால் போதாதா?

பதில்: போதாது. உங்களை மிரட்டியது ‘கஸ்டம் ஹவுஸ்’ என்ற முன்னுரைதான். நாவலை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. நேரே முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். 1640களின் பாஸ்டன், சிறைக் கதவு, வாசலில் ஒரு ரோஜாச் செடி. இரண்டே பக்கம்தான்.

பிறகு மூன்று இடங்களில் ஊன்றிப் படியுங்கள். 2ஆம் அத்தியாயத்தில், கள்ள உறவில் குழந்தை பெற்றதற்காக நெஞ்சில் ‘ஏ’ எழுத்தை அணியத் தண்டிக்கப்பட்ட நாயகி ஹெஸ்டர் கைக்குழந்தையுடன் தண்டனை மேடையில் நிற்கிறாள். 12இல் அதே மேடையில், நள்ளிரவில், அக்குழந்தையின் ரகசியத் தந்தையான பாதிரியார் நிற்கிறார். 23இல் அவர் பட்டப்பகலில், ஊர் பார்க்க ஏறுகிறார். நாவலின் முதுகெலும்பு இதுதான்.

முன்னுரையை விடச் சொன்னது இப்போதைக்கு மட்டும். நாவலை முடித்ததும் கட்டாயம் அதற்குத் திரும்புங்கள். ஹாதார்ன் சேலம் நகரச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆட்சி மாறியதில் 1849இல் வேலை போனது. மறு ஆண்டே நாவல் வெளிவந்தது. அந்த அலுவலக மாடியில் ‘ஏ’ எழுத்து வடிவில் இருந்த சிவப்புத் துணியையும் பழைய தாள்களையும் கண்டெடுத்ததாக முன்னுரையில் சொல்கிறார். எழுத்தின் ஒவ்வொரு காலும் மூன்றேகால் அங்குலம் என்று அளந்துகூடக் காட்டுகிறார். அத்தனையும் கற்பனை! இது தெரியாமல் ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட நாவல்’ என்று கைடுகள் அச்சடிக்கின்றன. அதே வாக்கியத்தை, அதே பிழையோடு, எத்தனையோ விடைத்தாள்களில் திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே கூட்டத்தினரின் உடையை ‘சேட்-கலர்ட்’ (sad-colored) என்கிறார். அக்கால ஆங்கிலத்தில் அதற்கு மங்கிய, இருண்ட நிறம் என்று பொருள். நான் பார்த்த ஒரு கைடு ‘சோகமான ஆடைகள்’ என்று எழுதி, அதற்கு அரைப் பக்க விளக்கமும் கொடுத்திருந்தது. ‘ஏ’ என்றால் ‘அடல்ட்ரி’, அதாவது கள்ள உறவு என்ற பாவம், என்று முடித்துவிடுவதும் கைடுகளின் வேலை. 13ஆம் அத்தியாயத்தில் அதே ஊரார் அதை ‘ஏபிள்’, அதாவது ஆற்றல் உடையவள், என்று வாசிக்கத் தொடங்குகிறார்களே, அதை யார் சொல்வது? ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்கும் தேர்வு முறை இருக்கும்வரை இந்த வியாபாரம் படுக்காது. அதற்கு உங்கள் மதிப்பெண்ணைப் பலி கொடுக்காதீர்கள்.

பிடிஎஃப் அனுப்புகிறேன் என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். காப்புரிமை எப்போதோ முடிந்த நூல் இது. ‘புராஜெக்ட் குட்டன்பெர்க்’ என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் சுருக்கப் பதிப்பு தலையில் கட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சிலவற்றின் அட்டையில் சுருக்கம் என்ற சொல்லே இருக்காது. முழு நாவலில் 24 அத்தியாயங்கள். கடையிலேயே பொருளடக்கத்தை எண்ணுங்கள், முதல் அத்தியாயத்தில் அந்த ‘சேட்-கலர்ட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள், பிறகு பணத்தைக் கொடுங்கள்.