விமானத் தாமதமும் பயணியர் தாமதமும் ஒன்றல்ல

அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளியியல் பணியகத்தின் தரவில் விமானங்களின் வருகைத் தாமதத்துக்குச் சராசரி எடுத்து, அதையே பயணியர் தாமதமாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. ரத்தான விமானத்துக்கு வருகைத் தாமதம் பதிவாவதில்லை. ஆகவே மிக அதிகம் அவதிப்பட்டவர்களே உங்கள் சராசரியிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். சிகாகோவில் விமானம் மாற வேண்டியவரின் முதல் விமானம் 40 நிமிடம் பிந்தி, அதனால் இணைப்பைத் தவறவிட்டு, 3 மணி நேரம் கழித்துப் புறப்படும் அடுத்த விமானத்தில்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது என்றால், அவர் இழந்தது ஏறத்தாழ 3 மணி நேரம். உங்கள் கணக்கிலோ 40 நிமிடம் மட்டுமே ஏறும்.

எனவே, அதே பணியகம் வெளியிடும் பயணச்சீட்டு மாதிரியிலிருந்து (விற்ற சீட்டுகளில் ஒரு பகுதியின் பதிவு) பயணத் தடங்களை, அதாவது பயணியர் எங்கிருந்து எந்த ஊர் வழியாக எங்கே சென்றனர் என்பதை எடுத்து (அதில் தேதியோ விமான எண்ணோ இராது), அந்தப் பயணியரைக் கால அட்டவணையிலுள்ள விமானங்களுக்குப் பகிர்ந்தளித்து, இணைப்பைத் தவறவிட்டவர்களைக் காலி இருக்கையுள்ள அடுத்த விமானத்தில் ஏற்றிக் கணக்கிடுங்கள். இருக்கைகள் நிரம்பி வழியும் விடுமுறை வாரங்களில் காத்திருப்பு கடுமையாக நீளும்.

தரவில் தாமதத்துக்குக் குறிக்கப்படும் காரணங்களில் ஒரு எச்சரிக்கை: ‘விமானம் தாமதமாக வந்தது’ (அதே விமானம் தன் முந்தைய பயணத்திலிருந்து பிந்தி வந்தது) என்ற வகை மூலக்காரணம் அன்று. விமானத்தின் பதிவு எண்ணைக் கொண்டு அன்றைய முந்தைய பயணங்களைப் பின்னோக்கித் தொடர்ந்தால், காலையில் நேர்ந்த முதல் தடங்கல் பெரும்பாலும் பிடிபடும்.