மழை பெய்தால் குளியலறைத் துவாரத்தால் கழிவு வருகிறதே!

கேள்வி: மகள் லண்டன் ஹமர்ஸ்மித்தில் பழைய வீடொன்றின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள். கைக்குழந்தையும் உண்டு. கடும் மழை பெய்த அன்று குளிக்கிற இடத்துத் துவாரத்தால் கறுத்த தண்ணீர், கடதாசித் துண்டுகளோடு பொங்கி அறைக்குள் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அடைப்பெடுக்கும் மருந்து ஊற்றச் சொல்கிறார். இங்கே எங்கள் வீட்டுக் கொமேட்டும் மாரியில் இறங்க மறுக்கிறது. இரண்டும் ஒரே வியாதியா?
— ஒரு தாய், திருக்கடலூர்

பதில்: இல்லை அம்மா, இரண்டும் வேறு வேறு. முதலில் மகளின் வீட்டைப் பார்ப்போம். மருந்து ஊற்றுவது வீண்காசு. 2007 ஜூலை 20, 2021 ஜூலை 12 மழைகளில் மேற்கு லண்டனில் எத்தனையோ நிலக்கீழ் வீடுகளுக்குள் இப்படித்தான் ஏறியது.

அங்கே பழைய பகுதிகளில் மலசலகூடத் தண்ணீருக்கும் மழைத் தண்ணீருக்கும் ஒரே பைப். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்று நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகு, யோசப் பசல்ஜெட் என்ற பொறியியலாளர் செங்கல்லால் கட்டிய பெருங்கான்கள் இன்றும் ஓடுகின்றன. அந்தப் பக்கத்தில் கவுண்டர்ஸ் கிரீக் என்ற ஓடையையே மூடிக் கழிவுக்கானாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து நிலக்கீழ்த் தளத்தில் குசினியும் நிலக்கரி அறையும்தான். இன்றைக்கு அது படுக்கையறை. வீட்டு முன்தோட்டங்களையும் கல் பதித்துக் கார் விடுகிறார்கள். மண்ணுக்குள் போக வேண்டிய மழையெல்லாம் கானுக்குத்தான் போகிறது.

தெருக்கான் நிரம்பி மட்டம் உயர்ந்தால், அதோடு இணைந்த வீட்டுப் பைப்பிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும். மேல்மாடிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கீழே எந்த வாய் ஆகத் தாழ்வாக இருக்கிறதோ அதால்தான் வெளியே வரும். கொமேட்டைவிடக் குளிக்கிற இடத்துத் துவாரம் தாழ்வு. அதுதான் முதலில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் போடும். தண்ணீர் வருவது பைப்பால்; அதனால் வாசலில் மண்மூட்டை அடுக்கியும் பயனில்லை.

பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: மழை இல்லாத நாளில், மேல்வீட்டார் தண்ணீர் ஊற்றும்போதும் இப்படி வருகிறதா? வந்தால் வீட்டுப் பைப்பில்தான் அடைப்பு. கடும் மழைக்கு மட்டும் வந்தால் குற்றம் தெருக்கானில்.

அதற்கு மருந்து நொன் ரிட்டர்ன் வால்வு; தண்ணீரை வெளியே விடும், திரும்ப உள்ளே வர விடாது. ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மேல்மாடிக்காரர் குளித்தாலே மகளின் அறைக்குள் வரும். ஆகவே கூடவே ஒரு சிறிய பம்பும் வேண்டும். வால்வை மட்டும் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று காசு வாங்கிப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் அறிவிப்பார் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டின் விலை விழுந்துவிடும் என்று மறைக்கிறவர்களும் உண்டு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்து, அந்தப் பகுதிக் கழிவுநீர்க் கம்பனிக்குப் பிள்ளையே அறிவிக்கட்டும். எங்கே வேலை செய்வதென்று அவர்கள் தீர்மானிக்க இந்த முறைப்பாடுகளும் வேண்டும். தேம்ஸுக்கு அடியில் 25 கிலோமீற்றர் சுரங்கம் கட்டி முடித்துவிட்டார்கள் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அது கழிவு ஆற்றில் விழாமல் பிடிப்பதற்குக் கட்டியது, வீட்டுக்குள் ஏறுவதைத் தடுக்க அல்ல என்று சொல்லுங்கள். நனைந்த மெத்தையையும் கம்பளத்தையும் எறியச் சொல்லுங்கள். கழுவி முடியும்வரை குழந்தை அங்கே தவழக் கூடாது.

இனி உங்கள் வீடு. நம்மூரில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு குழி; அயலவன் கழிவு உங்களிடம் வராது. கரையோர மணலில் மாரிக்கு நிலத்தண்ணீர் மேலேறி, ஊறுகுழி வெளியிலிருந்தே நிரம்பிவிடுகிறது. உறிஞ்ச இடமில்லை, அதனால் இறங்காது. அந்த நேரம் பௌசரைக் கூப்பிட்டு எடுத்தால் இரண்டொரு நாளில் திரும்ப நிரம்பும். வெறுந்தொட்டியை நிலத்தண்ணீர் நெருக்கிச் சுவர் வெடிக்கவும் கூடும். மாசியில், கிணற்று மட்டம் நன்றாக இறங்கிய பிறகு எடுங்கள். அப்போதே மேசனைக் கூப்பிட்டுக் கொமேட் மேடையை ஒரு படி உயர்த்த முடியுமா என்றும் கேளுங்கள்.