மிடில்டன் ரயில்பாதை: 1758ஆ, 1812ஆ?

வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள மிடில்டன் ரயில்பாதையின் தொடக்கம் ஒரு நூலில் 1758 என்றும் மற்றொன்றில் 1812 என்றும் இருப்பதால், கட்டுரையில் எதைக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியே, அவை வெவ்வேறு நிகழ்ச்சிகளின் ஆண்டுகள்.

சுரங்க உரிமையாளர் சார்லஸ் பிராண்ட்லிங், தம் நிலக்கரியை லீட்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லும் வழி பிறருடைய நிலங்களின் ஊடாகச் சென்றதால், அவர்களுடன் செய்துகொண்ட உடன்பாடுகளை உறுதிப்படுத்த 1758இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே பெற்றார். அப்போது மரத் தண்டவாளங்கள்தான். வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன.

நெப்போலியன் போர்க்காலத்தில் குதிரையும் தீவனமும் விலையேறவே, சுரங்க மேலாளர் ஜான் பிளென்கின்சாப் நீராவியை நாடினார். கனமான எஞ்சின் வார்ப்பிரும்புத் தண்டவாளத்தை உடைத்துவிடும். இலேசான எஞ்சினின் சக்கரமோ வழுக்கும் என்று அஞ்சினார்கள். ஆகவே ஒரு தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்களை வைத்து வார்த்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு நகரும்படி அவர் அமைத்தார். பொறியாளர் மேத்யூ மர்ரே கட்டிய அந்த எஞ்சின் ஓடத் தொடங்கிய ஆண்டுதான் 1812.

"உலகின் முதல் ரயில்பாதை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாட்டிங்காம் அருகே வொல்லட்டனில் 1604இலேயே மரத் தண்டவாளத்தின்மேல் குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்தன.