மைல் யாருடையது, கார்டு யாருடையது? விமானப் பயணக் கேள்வி-பதில்

வேலூர் காந்தி ரோட்டில் டிக்கெட் போடும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். சமீபமாக வரும் கேள்விகளில் பாதி, விமானக் கம்பெனிகள் தரும் மைல், பாயிண்ட், சில்வர், கோல்டு பற்றித்தான். பறக்கப் பறக்கக் கணக்கில் ஏறி, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடியது மைல் அல்லது பாயிண்ட். அதிகம் பறப்பவருக்குச் சலுகைகளோடு தரும் படிநிலை சில்வர், கோல்டு. அதைத்தான் ஸ்டேட்டஸ் என்பார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். வருடத்துக்கு நாலைந்து தடவை ஐரோப்பா போகிறேன். டிக்கெட் பணம் முதலாளியுடையது, மைல் என் பெயரில் ஏறுகிறது. இது தப்பா?

மைல் ஏறுவது தப்பில்லை. பணம் யார் கட்டினாலும் சீட்டில் உட்கார்ந்தவர் கணக்கில்தான் அது சேரும். பெரும்பாலான விமானக் கம்பெனிகளின் விதி அதுதான். முதலாளியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "வைத்துக்கொள்" என்பார், அல்லது அடுத்த டிக்கெட்டுக்கு அந்த மைலைப் பயன்படுத்தச் சொல்வார். இரண்டும் நியாயம்.

தப்பு வேறொரு இடத்தில் ஆரம்பிக்கிறது. கோல்டுக்கு இன்னும் இரண்டு பயணம் பாக்கி. 58,000 ரூபாயில் நல்ல டிக்கெட் இருக்கிறது. ஆனால் உங்கள் கார்டு செல்லுபடியாகும் கம்பெனியில் 74,000. "அந்த ஃப்ளைட்டே போடுங்க சார், டைமிங் சரியா இருக்கு" என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய பேர். அந்த 16,000 முதலாளியின் பணம். ஒரு ஜோடி ஷூவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வருடக் கடைசியில் ஸ்டேட்டஸ் காப்பாற்றுவதற்காகவே ஒரு மீட்டிங்கை உண்டாக்கிக்கொள்வதும் இதே கணக்குதான்.

என் மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார், கோல்டு மெம்பர். நான் தனியாகப் போகும்போது அவர் கார்டைக் காட்டி ஏர்போர்ட் லவுஞ்சில் (சலுகை உள்ளவர்களுக்கான ஓய்வறையில்) உட்காரலாமா? கூடுதல் லக்கேஜ் போடலாமா? (காங்கேயநல்லூர் வாசகி)

கூடாதம்மா. அந்தச் சலுகை அவர் பெயரில் போட்ட டிக்கெட்டுக்கு மட்டும்தான். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிகள் கூட்டணியின் கோல்டு என்றால், அவர் பயணம் செய்கிற நாளில், அந்தக் கூட்டணியின் விமானத்திலேயே போகும் ஒருவரை லவுஞ்சுக்குள் கூட அழைத்துப்போகலாம். அவர் இல்லாமல் கார்டு மட்டும் வந்தால், அது இன்னொருவர் பெயரில் நுழைவதாகிவிடும். மாட்டினால் போவது அவருடைய கணக்கு.

உங்களுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். வீல்சேருக்கு எந்த கார்டும் வேண்டாம். டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள்.

காட்பாடியில் கல்லூரி மாணவன். டெலிகிராமில் 3,000 ரூபாய்க்கு "கோல்டு ஸ்டேட்டஸ்" எடுத்துத் தருகிறார்கள். நண்பர்கள் வாங்கியிருக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. இது நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் கோல்டு இருப்பவரைத் தன் பக்கம் இழுக்க, இன்னொரு கம்பெனி அதற்குச் சமமான கார்டைக் கொடுக்கும். இதற்கு ஸ்டேட்டஸ் மேட்ச் என்று பெயர். ஆதாரமாகப் பழைய கார்டின் படத்தைக் கேட்பார்கள். உங்கள் 3,000 ரூபாய்க்கு அந்த ஆள் செய்வது, உங்கள் பெயரைப் போட்டு அந்தப் படத்தைத் திருத்தி அனுப்புவது. அது போலி ஆவணம். அனுப்பியவன் பெயர் அதில் எங்கும் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். பிறகு சரிபார்க்கும்போது கணக்கை மூடுவார்கள், சேர்ந்த மைல் போகும், அந்த மைலில் போட்ட டிக்கெட்டும் ரத்தாகும். வேலைக்குப் போகப் போகிற வயதில் ஒரு போலி ஆவணம் உங்கள் பெயரில் எங்கோ கிடக்க வேண்டுமா?

கார்டுக்காகவே தேவையில்லாமல் பறப்பது ஏமாற்றா?

இல்லை. சொந்தக் காசு, சொந்தப் பெயர், விதிக்குள் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் டேவிட் பிலிப்ஸ் என்பவர் புட்டிங் டப்பாக்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, அதோடு வந்த சலுகையில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் மைல் சேர்த்தார். கம்பெனி சொன்ன வார்த்தைப்படியே செய்தார், கொடுத்தார்கள். ஆனால் இன்று தூரத்தை விட்டுச் செலவழித்த தொகையைப் பார்த்துப் பாயிண்ட் தரும் கம்பெனிகள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காந்தி ரோட்டில் லாட்ஜ் மேனேஜராக இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகள்தான் எங்களுக்கு வாடிக்கை. ஒரு டிராவல்ஸ்காரர் அவர்களுடைய பாஸ்போர்ட், ஆதார் நகல்களைக் கேட்கிறார். அவர்கள் பெயரில் மைல் கணக்கு திறப்பாராம். "அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, நஷ்டம் யாருக்கு?" என்கிறார். எனக்கும் பங்கு உண்டாம்.

கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது நடந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு கடையில் நீல அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. பக்கத்துக்கு இருபது பெயர். மண்டல், பிஸ்வாஸ், சர்க்கார், பேகம். பெயருக்கு எதிரே மெம்பர் நம்பர், அதற்கு எதிரே கடவுச்சொல். எல்லாக் கணக்குக்கும் மொபைல் நம்பரும் மின்னஞ்சலும் எங்கள் கடையுடையது. அவர்கள் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பறக்கப் பறக்க, பாயிண்ட் எங்களுக்கு ஏறும். அதில் டிக்கெட் எடுத்து வேறு ஆட்களுக்கு விற்பார்கள்.

மால்டாவிலிருந்து மகளின் இதய சிகிச்சைக்கு வந்துபோகும் ஒருவர். மூன்றாவது வருடம், பயணச் செலவு கொஞ்சமாவது குறையுமா என்று கேட்டு, தானும் மைல் கணக்கு தொடங்க வேண்டும் என்றார். போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே இருக்கிறது என்றது திரை. "யார் தொடங்கியது?" என்று கேட்டார். "கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு" என்றேன். அவர் நம்பினார். மடித்து வைத்திருந்த பழைய போர்டிங் பாஸ்களைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த வருடமே அந்த வேலையை விட்டேன். நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், அவருக்கு.

வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்கு விவரம் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களிடம் பாஸ்போர்ட் நகல் வருகிறது. வேறெதற்கும் அது உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. பிறருடைய அடையாளத்தையோ கடவுச்சொல்லையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஒரே மொபைல் நம்பரில் ஐம்பது கணக்கு இருந்தால் விமானக் கம்பெனியின் கண்ணில் படும், மொத்தமாக மூடுவார்கள். அன்றைக்கு அந்த டிக்கெட்டோடு கவுன்டரில் நிற்பவர் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாக இருப்பார்.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். அடிக்கடி வரும் குடும்பங்களுக்கு, அவர்கள் போனிலேயே, அவர்கள் நம்பரிலேயே கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

காரணமே சொல்லாமல் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? (ராணிப்பேட்டை)

முதலில் எந்த விதியை மீறினேன் என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் கின்ஸ்பெர்க் என்ற ரப்பி (யூத மதகுரு), நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் பிளாட்டினம் உறுப்பினர். அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று 2008இல் அவரை நீக்கினார்கள். அங்கே உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அது அந்த நாட்டின் 1978ஆம் வருட விமானச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு, நம்மைக் கட்டாது. இங்கே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் கணக்கில் இருந்த பயணம் எல்லாம் உங்களுடையதுதானா என்பதை மனதறிந்து பார்த்துக்கொண்டு போங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

போர்டிங் பாஸை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். பிறகு மைல் காணாமல் போயிற்று. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். அந்தப் பட்டைக் குறியீட்டில் உங்கள் பெயர், பி.என்.ஆர்., பல சமயம் மெம்பர் நம்பரும் இருக்கும். இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள், விமானக் கம்பெனிக்கு எழுதுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான 1930க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். ஸ்டேட்டஸில் அந்தப் படம் இன்னும் இருந்தால், முதலில் அதை எடுங்கள்.