தீக்குப் பயந்து வந்த சட்டம்

அன்புள்ள ஐயா,

1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்தில், பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். சான்றிதழுக்குச் சட்டத்திலிருந்த பத்தாண்டுக் கெடுவும் போய்விட்டது. சினிமா மீதான அரசின் பிடி தளர்கிறது என்று கொள்ளலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த அதிகாரம் முதலில் எதன் பேரில் வந்தது என்று பார்த்தால் அவ்வளவு நம்பிக்கை வராது.

வந்தது தீயின் பேரில். அந்தக்கால பிலிம் சுருள் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால் அரங்குக்கு உரிமம் வேண்டும் என்று 1909இல் பிரிட்டன் சட்டம் போட்டது. லண்டன் கவுன்சில் அந்த உரிமத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை படம் காட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் செருகியது. ஞாயிற்றுக்கிழமைக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்? லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் ஒரு பயாஸ்கோப் கம்பெனி ஞாயிறும் படம் காட்டியது, வழக்கானது. உரிம நிபந்தனை பாதுகாப்போடு நின்றுவிட வேண்டியதில்லை என்று 1911இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நாளில் காட்டலாம் என்று சொல்ல முடியுமென்றால், எதைக் காட்டலாம் என்றும் சொல்லலாமே! ஊருக்கு ஒரு விதி வந்துவிடுமோ என்று பயந்துபோன படத்தொழில்காரர்கள், 1912இல் தாங்களே ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். மொத்தக் கதையிலும் எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான்.

இங்கே அந்தச் சுற்றுவழிகூடத் தேவைப்படவில்லை. 1918 சட்டத்தில் அரங்க உரிமமும் படச் சான்றிதழும் சேர்ந்தே வந்தன. சென்னை, பம்பாய் தணிக்கை வாரியங்களுக்குப் போலீஸ் கமிஷனரே தலைவர். 1952 சட்டம் வெள்ளையர் போன பிறகு வந்தது என்றாலும் அதிலும் இரண்டும் உண்டு.

சரி, 2023க்கு வருவோம். வாரியம் சான்றளித்த படத்தை மத்திய அரசு மறுபடி கையில் எடுக்கும் அதிகாரம் அந்தத் திருத்தத்தில் இல்லை. நல்லதுதான். ஆனால் அந்த அதிகாரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பளித்திருந்தது. அப்படியிருந்தும் 2021 வரைவில் அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். திரையுலகம் எதிர்த்தது.

அதே 2021இல் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. வாரியம் வெட்டச் சொன்னால் முறையிடுவதற்கென்று இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்தார்கள். இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதி குறித்துவிட்டு, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தயாரிப்பாளர் அங்கெல்லாம் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்ட காட்சியை வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.