நாயகன் எப்போது மயங்கலாம்?

கேள்வி: 1915-இல் செட்டிநாட்டில் நடக்கும் காதல் தொடர்கதை எழுதி வருகிறேன். நாயகன், பர்மாவில் வட்டிக்கடை நடத்தும் பெரிய வீட்டின் இளைய மகன், சிறுவயதிலிருந்தே நீரிழிவு. அவன் அடிக்கடி மயங்கி விழ, மனைவி தாங்கிப் பிடிக்கிறாள். படித்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள். எங்கே இடறுகிறது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் இடறுவது ஆண்டு. சிறுவயதிலேயே நீரிழிவு கண்ட பிள்ளை, எத்தனை செல்வத்தில் பிறந்திருந்தாலும், 1915-இல் மணவறைவரை வந்திருக்க மாட்டான். அன்றைய பட்டினிப் பத்தியம் சாவைச் சற்றுத் தள்ளிப்போட்டதே தவிர, தடுக்கவில்லை. கனடாவின் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இந்நோய்க்கு மருந்தான இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921-இல். அது ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். ஆகவே, கதையை 1930-களுக்கு நகர்த்தி, நோயும் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் வந்ததாக வையுங்கள். ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியது 1942-இல்தான் என்பதால் வட்டிக்கடைக்குப் பழுதில்லை.

அடுத்தது மயக்கம். சர்க்கரை மிகுந்து நினைவு தப்பியவன் இன்சுலின் வருமுன் எழுந்ததே அரிது. தெளிந்து எழக்கூடிய மயக்கம், ஊசி போட்டபின் வேளைக்குச் சாப்பிடாமல் போனால் வருவது. அதற்குமுன் உடல் வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாத கோபம் வரும். அவன் சீறி விழ, அழப் போன அவள், அவனுடைய நெற்றி வியர்வையைக் கண்டு சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடுகிறாள் என்று எழுதிப் பாருங்கள். தாங்கிப் பிடிப்பதைவிட அதில் நெருக்கம் அதிகம்.

உங்கள் ஊர் வழக்கமும் கைகொடுக்கிறது. மணமானவர்களை வேறு வைத்து, ஒரே வீட்டுக்குள் தனி அடுப்புக் கொடுப்பார்கள் அல்லவா? அந்த அடுப்பில் அவள் சோற்றை அளந்து வடிக்கட்டும். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கவைக்கட்டும். சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் நீலநிறப் பெனிடிக்ட் கரைசலில் அவனுடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சட்டும். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சையும் மஞ்சளும் கடந்து செங்கல் நிறத்துக்குப் போனால், நேற்று அப்பத்தா ஒளித்துக் கொடுத்த பால் பணியாரம் அம்பலம். (காதல் கதையில் சிறுநீரா என்று ஆசிரியர் முகம் சுளிக்கக்கூடும், விட்டுக்கொடுக்காதீர்கள்.)

பெண் பேசும்போது நோயை மறைத்தார்களா என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். மயக்கக் காட்சி ஒன்றே போதும். அதையும் அவள் பிறந்தகம் போயிருக்கும் நாளில் வையுங்கள்.